சைக்கிளிலும் படகிலும் காவிரி டெல்டாவை அறிதல்

நதி ஒன்றின் டெல்டாவைப் பூகோளப் படத்தில் பார்ப்பவருக்கு அது மிக எளிய விஷயமாகத் தோன்றும். ஒரு தண்டு வருகிறது. அது பல கிளைகளாகப் பிரிகிறது. கிளைகள் கடலில் சேர்கின்றன. ஆனால் அப்பிரதேசத்தில் பணிபுரியும் விவசாய விரிவாக்க ஊழியரோ, நீர்ப்பாசன ஊழியரோ, கிராமப் பள்ளி ஆசிரியரோ அறிய வேண்டிய செய்திகளில் பல படத்தில் இல்லை. எந்த வாய்க்காலில் தண்ணீர் உண்மையில் ஓடுகிறது, எந்தக் கிணறு சென்ற ஆண்டைவிட உப்பேறியிருக்கிறது, எந்த மதகின் கீழே மண் மேடிட்டிருக்கிறது என்பவற்றை நேரில் சென்றே அறிய வேண்டும். நேரில் செல்வதற்கு டெல்டாவில் மிகப் பொருத்தமான வாகனங்கள் இரண்டு: மேட்டு நிலம் உள்ள வரையில் சைக்கிள், அதற்கப்பால் படகு.

இது புதிய கருத்தன்று. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டபோது, கிராம சேவக்குகளில் பெரும்பாலோர் சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சென்றனர். இன்று மோட்டார் வாகனங்களும், செயற்கைக் கோள்கள் எடுத்தனுப்பும் படங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும் மோட்டார் வாகனம் செல்லும் பெருஞ்சாலை, டெல்டாவின் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களில் சிலவற்றையே தொட்டுச் செல்கிறது. செயற்கைக் கோள் ஆற்றின் அகலத்தைக் காட்டும். சிறு வாய்க்காலின் ஆழத்தையோ, கிணற்று நீரின் உப்பையோ அது காட்டாது. ஆகவே இக்கட்டுரையில் காவிரி டெல்டாவை உதாரணமாக எடுத்துக்கொண்டு, சைக்கிளும் படகும் கொண்டு எவற்றைக் காணலாம், எவற்றை அளக்கலாம், அவ்வளவைகளால் விளையும் பயன் யாது என்பனவற்றை விளக்குவோம்.

டெல்டா தோன்றும் விதம்

நைல் நதியின் முகத்துவாரப் பிரதேசம் கிரேக்க மொழியின் டெல்டா என்னும் முக்கோண எழுத்தை ஒத்திருந்ததால், பண்டைக் கிரேக்கர் அதற்கு அப்பெயரையே இட்டனர். மலையிலிருந்து வேகமாக இறங்கும் நதி மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்ததும் அதன் வேகம் குறைகிறது; சுமையைத் தொடர்ந்து தூக்கிச் செல்ல அதனால் இயலுவதில்லை. கனமான மணல் முதலில் படிகிறது. நுண்ணிய வண்டல் அதற்கப்பால் படிகிறது. மிக நுண்ணிய களிமண் கடலருகே தங்குகிறது. தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்ட நதி, வெள்ளக் காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த நிலம் நோக்கிப் புது வழி காண்கிறது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் நடைபெறும் செயலால் கிளையாறுகளும் அவற்றின் இடையேயுள்ள நிலமும் உண்டாகின்றன.

எல்லா டெல்டாக்களும் ஒரே வடிவில் அமைவதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி நதி அமைதியான வளைகுடாவில் பறவையின் பாதம் போலத் தன் கிளைகளை நீட்டியிருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து உண்டாக்கிய டெல்டாவில், வலிமை மிக்க ஏற்றவற்றம் எண்ணற்ற கழிகளை அறுத்துச் சுந்தரவனத்தைத் தோற்றுவித்திருக்கிறது. காவிரியின் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே அலைகளும் கரையோர நீரோட்டமும் நதி கொணர்ந்த மணலை வாரிக் கரை நெடுகப் பரப்பியதால் கடற்கரைக் கோடு பெரும்பாலும் நேராகச் சென்று, கோடியக்கரையில் சட்டென மேற்கே திரும்புகிறது. வேதாரண்யத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் காணப்படும் மணல் மேடுகள் பழைய கடற்கரைகளின் அடையாளங்களே. இன்று கிராமங்கள் அம்மேடுகளின் மீது அமைந்திருக்கின்றன. அவற்றின் இடைப்பட்ட தாழ்நிலங்கள் மழைக் காலத்தில் நீர் தேங்கி நிற்கின்றன.

முக்கொம்பும் கல்லணையும்

குடகு நாட்டில் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரியின் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் அது முதன்முதலாக இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். தெற்குக் கிளை காவிரி. இரண்டின் இடையே அமைந்ததே ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கிழக்கு முனைக்கு அப்பால் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில் கல்லணை கட்டப்பட்டிருக்கிறது.

டெல்டாவின் சரித்திரம் முழுவதும் இவ்விரு கிளைகளின் உயர வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது எனலாம். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது; அது கடலை அடையும் வழியும் நேரானது. எனவே தடை ஏதுமின்றி விட்டால் தண்ணீர் காவிரியை விட்டுக் கொள்ளிடத்தில் இறங்கி, வயல்களுக்குப் பயன்படாமல் கடலை அடைந்துவிடும். இதனைத் தடுப்பதற்காகவே காவிரி கொள்ளிடத்தில் வழியும் இடத்தில் கல்லையும் களிமண்ணையும் கொண்டு அணை எழுப்பப்பட்டது. சோழ மன்னன் கரிகாலன் இதனைக் கட்டினான் என்பது மரபு. அடித்தளத்துக்குப் பாறை இல்லாத வெறும் மணற்படுகையில் இத்தகைய அணையை நிலைநிறுத்தியதே இதன் சிறப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டுக் கொள்ளிடத்துக்கே பெரும்பங்கு நீர் செல்லத் தொடங்கியது. தஞ்சைப் பகுதியின் பாசனம் குன்றியது. இதற்குப் பரிகாரமாக ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளில் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னும் இடத்தில் கீழணையையும் கட்டினார். கீழணையில் தேக்கப்படும் நீர் வடவாறு வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. மணலில் அஸ்திவாரம் இடும் முறையைத் தாம் கற்றது கல்லணையிலிருந்தே என்பதைக் காட்டன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்முறையைக் கொண்டே பின்னர் அவர் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை கட்டினார்.

இந்த உயர வேறுபாடு பழங்கதை அன்று. 2018 ஆகஸ்டு 22 அன்று, பெருவெள்ளத்தை அடுத்து, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய மதகுகளில் ஒன்பது உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவந்த ஏற்பாட்டில் சிறு பகுதி நீங்கியதும் தண்ணீர் தன் இயற்கையான பள்ளத்தை நாடியது. மூங்கிலும் மணல் மூட்டைகளும் பாறைகளும் கொண்டு தற்காலிகத் தடுப்பு அமைக்கப்பட்டது. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. மாணவர்களுக்கு டெல்டாவைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் தொடங்கத்தக்க இடம் இதுவே.

சைக்கிள் கற்பிக்கும் பாடம்

கல்லணையிலிருந்து கடல் வரையில் நிலம் கிலோமீட்டருக்குச் சராசரியாக அரை மீட்டர் அளவே சரிகிறது; கடலருகே சரிவு இதனினும் குறைவு. இச்சரிவைக் கண்ணால் காண இயலாது. ஆனால் ஆற்றின் போக்குக்குக் குறுக்கே செல்லும்போது நிலத்தின் அமைப்பு மிகத் தெளிவாகப் புலப்படும். அதனைப் புலப்படுத்துவது சைக்கிள் மிதிப்பவரின் கால்களே.

இதற்கு மிகச் சிறந்த பாதை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையாகும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தில் இச்சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளையும் கடக்கிறது. ஐந்து ஆறுகளை உடைய ஊர் என்பதே திருவையாறு என்ற பெயரின் பொருள் என்று கூறுவர். ஒவ்வோர் ஆற்றையும் அணுகும்போது சாலை மெல்ல உயர்கிறது. கடந்தபின் மெல்ல இறங்குகிறது. பொதுவாக ஆறு தாழ்ந்த இடத்தில் ஓடும் என்று எண்ணுவோம். டெல்டாவிலோ ஆறு உயர்ந்த இடத்தில் ஓடுகிறது! வெள்ளம் கரை புரண்டபோதெல்லாம் ஆற்றருகே மணலும் கனத்த வண்டலும் படிந்து இயற்கைக் கரைகள் உயர்ந்தன. இடைப்பட்ட நிலத்தில் நுண்ணிய களிமண் மட்டுமே படிந்து அது தாழ்வாக நின்றது. அதனால்தான் ஆற்றிலிருந்து திறக்கப்படும் தண்ணீர், இறைக்கும் கருவி எதுவும் இன்றி, வாய்க்கால் வழியே வயலை அடைகிறது.

ஊர்களின் அமைப்பும் இதனையே பின்பற்றியிருக்கிறது. வீடுகளும் கோயில்களும் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் ஆற்றங்கரை மேடுகளில் உள்ளன. நெல் வயல்கள் களிமண் நிறைந்த தாழ்நிலத்தில் உள்ளன. மாணவர்கள் தம் ஊரில் சைக்கிளில் ஆற்றுக்குக் குறுக்காக இரண்டு கிலோமீட்டர் சென்று, ஒவ்வொரு 200 மீட்டரிலும் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து ஈரமாக்கி உருட்டிப் பார்க்கட்டும். கரையருகே மண் உருண்டையாகத் திரளாமல் உதிரும். தாழ்நிலத்தில் கயிறு போல நீளும். புத்தகத்தில் ஒரு பக்கம் கூறுவதை இந்த ஒரு பயிற்சி உணர்த்திவிடும்.

தூரத்தை அளக்கச் சைக்கிளே போதிய சாதனம். 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்கிறது. துல்லியம் வேண்டுவோர் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளமிட்டு, பத்துச் சுற்றுகளுக்கான தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளலாம். சர்வே ஆப் இந்தியாவின் பழைய வரிசை எண் முறையில் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் ஆகிய ஊர்கள் 58 என் என்னும் பிரிவில் அடங்கும். அப்படத்தில் காணும் வாய்க்காலையும் கண்ணெதிரே காணும் வாய்க்காலையும் ஒப்பிட்டு, மறைந்துபோனவற்றையும் புதியனவற்றையும் குறித்துக்கொள்வது மிக்க பயன் தரும்.

தலைப்பிலிருந்து கடைமடை வரை

1934இல் மேட்டூர் அணை முடிவுற்றபின் டெல்டாவின் பாசனம் அவ்வணையைச் சார்ந்ததாயிற்று. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்நீர்த்தேக்கம் குறுவைச் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுகிறது. ஆனால் நீரிருப்பைப் பொறுத்து இந்நாள் மாறுகிறது. 2022இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை திறக்க இயலவில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. அங்கிருந்து அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் பிரித்து விடப்படுகிறது. மிகுதி வெள்ளம் கொள்ளிடத்தில் செல்கிறது.

கீழே செல்லச் செல்லக் கிளைகள் பெருகுகின்றன. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. கும்பகோணத்துக்கு மேற்கே அரசலாறு பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. இவ்வாறு பிரிந்து பிரிந்து, தென்னாட்டின் பேராறுகளுள் ஒன்றான காவிரி பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்கால் அளவே இருப்பதைக் கண்டு முதன்முறை வருவோர் வியப்படைவர். ஆற்றின் நீர் வயல்களில் செலவிடப்பட்டுவிட்டது என்பதே இதன் விளக்கம். இதற்கு மாறாக, வெள்ள வடிகாலாகிய கொள்ளிடத்தின் முகத்துவாரம் மிக அகன்றிருக்கிறது.

தலைப்பில் எவ்வளவு தண்ணீர் விடப்பட்டது என்பது மதகருகே நிற்கும் அளவுகோலிலிருந்து தெரியும். கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பதே கடினமான கேள்வி. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலில், மேற்புறத்தில் நீர் நிரம்பி நின்றாலும் கீழ்ப்புறத்துக்கு ஓட்டம் இராது. வாய்க்கால் கரையில் சைக்கிளில் செல்லும் ஊழியர் ஓட்டத்தை எளிதில் அளக்கலாம். நேரான பகுதியில் 20 மீட்டர் தூரத்தை அளந்து இரு முனைகளிலும் குச்சி நட வேண்டும். பாதி நீரில் மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்றை, எலுமிச்சம் பழத்தையோ தேங்காய் நெற்றையோ, நடு நீரில் விட்டு அது அத்தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். நீரின் மேற்பரப்பு அடிப்பகுதியைவிட வேகமாக ஓடுவதால், கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக, வாய்க்காலின் அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.8 மீட்டர், பழம் 20 மீட்டரைக் கடந்த நேரம் 50 விநாடி எனக் கொள்வோம். மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், திருத்திய வேகம் 0.34 மீட்டர். குறுக்கு வெட்டுப் பரப்பு 4.8 சதுர மீட்டர். ஆகவே ஓட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 1.63 கன மீட்டர், அதாவது சுமார் 58 கன அடி. இதே முறையில் ஐந்து கிலோமீட்டர் கீழே மீண்டும் அளந்து, இடையில் பிரியும் கிளை வாய்க்கால்களின் ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தால், வழியில் எவ்வளவு நீர் இழக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது அவசியம். காற்று பலமாக வீசும் வேளையில் இவ்வளவை எடுக்கலாகாது.

இச்சிறு அளவைகளுக்கும் தில்லியில் நடைபெறும் பெரிய முடிவுகளுக்கும் தொடர்பு உண்டு. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007இல் தன் இறுதித் தீர்ப்பை அளித்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி, சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் கமிஷன் நாள்தோறும் அளக்கிறது. நாளொன்று முழுவதும் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஓடும் நீரே ஒரு டி.எம்.சி. ஆகும். எல்லையில் நீர் இவ்வளவு கவனத்துடன் அளக்கப்படுகையில், கடைசி வயலிலும் அதே கவனத்துடன் அளக்கப்பட்டாலன்றி, வந்த நீர் எங்கே சென்றது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் அனுபவ அறிவு மிகப் பெரியது. அது எண்களாகக் குறிக்கப்படும்போதே பிறருக்கும் பயன்படும்.

படகு தொடங்கும் இடம்

கடலை நெருங்கியதும் கரைப்பாதை முடிவடைகிறது, மண் சேறாகிறது, சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகில் ஏற வேண்டும். இங்கே படகு புதிய வாகனமன்று. நாகப்பட்டினத்தையும் வேதாரண்யத்தையும் இணைக்கும் வேதாரண்யம் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்புப் படகுகள் செல்வதற்காகவே வெட்டப்பட்டது. 1930இல் ராஜாஜியின் தலைமையில் உப்பு சத்தியாக்கிரகம் நடந்த கரையும் இதுவே.

கோரையாறும் பாமணியாறும் வேறு சில ஆறுகளும் முத்துப்பேட்டையில் ஆழமற்ற கடற்கழி ஒன்றில் சேர்கின்றன. பல இடங்களில் படகைத் துடுப்பால் செலுத்துவதைவிடக் கழியால் ஊன்றித் தள்ளுவது எளிது. கழியைச் சுற்றிலும் அலையாத்திக் காடு பரந்திருக்கிறது. அலையின் வேகத்தை ஆற்றுவது என்ற பொருளில் மக்கள் இட்ட பெயர் அது. இங்கு மிகுதியாக உள்ள மரம் வெண்கண்டல். சேற்றில் காற்றில்லாமையால் இதன் வேர்கள் ஆயிரக்கணக்கான பென்சில்களை நட்டு வைத்தாற்போல் நிலத்துக்கு மேலே நீட்டி நின்று சுவாசிக்கின்றன. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே இம்மரம் வெளியேற்றுகிறது. வெண்கண்டல் இலையை நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். கொடுவா, மடவை முதலிய மீன்களும் இறாலும் நண்டும் இக்காட்டின் நிழலில் வளர்கின்றன.

இக்காட்டின் சரித்திரத்தில் ஒரு விஞ்ஞானப் பாடம் அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் விறகுக்காகப் பெரும் பரப்பில் மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்டன. நிழலிழந்த களிமண் வெயிலில் உலர்ந்து சுருங்கித் தாழ்ந்தது. அப்பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, பின்னர் எந்த விதையும் முளைக்கவில்லை. பல ஆண்டுகள் இந்நிலங்கள் வெறுமையாகவே கிடந்தன. 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீனின் முள் போன்ற அமைப்பில் கால்வாய்களை வெட்டி, ஏற்றவற்றத்தின் நீர் உள்ளே வந்து வெளியே செல்ல வழி செய்தன. உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. பிச்சாவரத்திலும் இம்முறை வெற்றி பெற்றது. நிலம் பாழானதற்குக் காரணம் கடல்நீர் வந்தது மட்டுமன்று, வந்த நீர் திரும்பாததே என்பதைக் கண்டறிந்ததே இதன் அடிப்படை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியும் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலும் இக்கரையோரத்தைக் கடுமையாகத் தாக்கின. கஜா புயலில் அலையாத்தி மரங்களே பெருமளவில் முறிந்தன. காடு பேரலையின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் அதுவும் அழியக்கூடிய அரண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உப்பை அளத்தல்

டெல்டாவின் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் அளவைகளுள் முதன்மையானது நீரின் உப்பு. கடல்நீரில் கிலோகிராமுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே மின்கடத்து திறனை அளந்து உப்பை மதிப்பிடலாம். சட்டைப் பையில் அடங்கும் மீட்டர்கள் இப்போது குறைந்த விலையில் கிடைக்கின்றன. மீட்டருக்கு ஒரு டெசிசீமன் என்னும் அளவு, லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பைக் குறிக்கும். கடல்நீர் ஏறத்தாழ 50 காட்டும். மண்ணின் செறிவுச் சாற்றில் இந்த அளவு 3ஐத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது.

படகில் முகத்துவாரத்திலிருந்து ஆற்றை எதிர்த்துச் செல்லும்போது அரைக் கிலோமீட்டருக்கு ஒரு முறை மேற்பரப்பிலும் அடியிலும் அளக்க வேண்டும். அடியில் அளப்பது ஏன்? உப்பு நீர் கனமானது. நன்னீருக்கு அடியில் ஆப்பு போலப் புகுந்து அது உள்ளே வருகிறது. மேலே இனிக்கும் ஆறு அடியில் உவர்ப்பாக இருக்கக்கூடும். ஒரு குப்பியின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையை நூலில் இணைத்து, அடியில் இறக்கியபின் நூலை இழுத்தால் அடிநீர் கிடைக்கும்.

கிணறுகளுக்கும் இதே கவனம் தேவை. கடற்கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மீது மிதந்து நிற்கிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்போர் கண்ட விதி. இதன் மறுபக்கம் கவலைக்குரியது. மிகையாக இறைத்து மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 20 மீட்டர் மேலே ஏறிவிடும். ஆற்று மணல் அளவுக்கு மீறி அள்ளப்பட்டுப் படுகை கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்தால் உப்பு ஆற்றின் வழியாகவும் உள்ளே வரும்.

இவற்றுடன் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மறுபுறம், அணைகள் நீரைத் தேக்கும்போது வண்டலையும் தேக்கிவிடுகின்றன. எகிப்தில் 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் நைல் டெல்டாவுக்கு வண்டல் ஏறக்குறைய நின்றுபோய், ரொசெட்டா முனையில் கரை கடலால் அரிக்கப்பட்டது. காவிரியின் மீதும் பெரிய அணைகள் தொண்ணூறு ஆண்டுகளாக நிற்கின்றன. சரிவு மிகக் குறைந்த நிலத்தில் கடல் சிறிதளவு உயர்ந்தாலும் உப்பு நெடுந்தூரம் உள்ளே வரக்கூடும். அது எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்பதை அவ்வூரில் ஆண்டுதோறும் அளப்பவரே கூற முடியும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

டெல்டாவின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அக்காலத்தில் பாசன ஆறுகளே வடிகால்களாகவும் மாறி நிரம்பி ஓடும், புயல்களும் வரும். ஆகவே பயணத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலும், அணை திறந்தபின் ஜூன், ஜூலை மாதங்களிலும் உள்ள காலமே ஏற்றது. வறண்ட காலத்தில் ஒரு முறை, தண்ணீர் வந்தபின் ஒரு முறை என அதே இடங்களை அளப்பது சிறந்தது. கதவணைகளின் அருகே நீரில் இறங்கலாகாது. மணல் அள்ளிய குழிகள் கொள்ளிடத்தில் பல உயிர்களைக் கொண்டிருக்கின்றன. அலையாத்திக் காட்டுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிதல் வேண்டும். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இவ்விதியில் விலக்கு எதுவும் அளிக்கலாகாது. கழியின் போக்கை அறிந்த உள்ளூர் மீனவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கும் அறிவுக்கும் ஒருங்கே உதவும்.

குறிப்பேட்டில் ஒவ்வோர் அளவைக்கும் தேதி, நேரம், இடம், அளந்த முறை, அளந்தவர் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் பின்வருவோர் அவ்வெண்ணை ஒப்பிட இயலாது. ஒரு பள்ளி தன் ஊரிலுள்ள பத்துக் கிணறுகளையும் மூன்று வாய்க்கால்களையும் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு இரு முறை அளந்துவந்தால், பத்து ஆண்டுகளில் அங்கே சேரும் ஏடு வேறு எங்கும் கிடைக்காத ஆவணமாக விளங்கும். கடைமடையில் பயிர் கருகிய பின்னர் காரணம் தேடுவதைவிட, உப்பு நகர்வதை முன்னரே கண்டு, இறைப்பதைக் குறைக்கவும், உவர் தாங்கும் நெல் இரகங்களை நாடவும், கடைமடைக் கதவணைகளைச் செப்பனிடவும் அவ்வேடு காலத்தில் எச்சரிக்கும். அதற்கு வேண்டிய சாதனங்கள் ஒரு சைக்கிள், ஒரு படகு, ஒரு சிறு மீட்டர், ஒரு குறிப்பேடு ஆகியவை மட்டுமே.